வெரிபீத் தூசி

இந்தப் பொலிஸ் நிலையத்தில் தேநீர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பால் சற்றுக் கூடிவிட்டது, சீனி போதாது, ஆனாலும் கொதிக்கக் கொதிக்கத் தந்தார்கள். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறிப்போனதைத்தான் நீட்டுவார்கள். நீங்களும் ஒரு வாய் குடியுங்கள், தம்பி. நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம்.

எனக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்து உங்களைக் கூப்பிடவில்லை. நான்தான் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். வாழ்நாள் முழுவதும் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பாஷையில் வாயைத் திறந்தால் வரிக்கு வரி 'சேர்', உங்கள் ஊர்ப் பேச்சில் 'சார்', வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தையாவது 'சேர்' போடாமல் சொல்லலாம் என்று பார்த்தேன். நீங்கள் மெட்ராஸ்காரர், பெயர் பாலகிருஷ்ணன் என்று சார்ஜன்ட் சொன்னார். என் யாழ்ப்பாணப் பேச்சு உங்களுக்கு முழுக்கப் பிடிபடாது. அதனால் புத்தகத்தில் வருகிற மாதிரியே சொல்கிறேன். எங்காவது விளங்காவிட்டால் நிறுத்திக் கேளுங்கள்.

என் பெயர் கேதீஸ்வரன். இங்கே மெல்பேர்னில், கிளென் வேவர்லியில், ரயில் போய் நிற்கிற கடைசி இடத்துக்குப் பக்கத்தில், மகள் ரஞ்சினியின் வீட்டில் இருக்கிறேன். மனைவி ஊரிலேயே தவறிவிட்டாள். இந்த வருஷம் மார்ச் மாதம் வெரிபீக்கு அப்பால் ஒரு பழைய யுத்த விமானம் விழுந்ததே, பத்திரிகையில் படத்தோடு வந்தது, அதை ஓட்டியவர் என் மருமகன் மகேந்திரராஜா. வீட்டில் மகேன் என்போம். அதைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது எதற்கு என்று சார்ஜன்ட் முகத்தைச் சுளிப்பார், ஆனாலும் விடாமல் மொழிபெயர்த்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் புகுந்த வீட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. வீட்டைப் பெண்ணின் பெயருக்குச் சீதனமாக எழுதுவோம், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவார். பெண் தன் குசினியையும், அதாவது சமையலறையையும், கிணற்றடியையும் விட்டு அசைய மாட்டாள். பெற்றவர்கள் ஒரு அறையில் ஒதுங்கிக்கொண்டு, அவள் கையால் சாப்பிட்டு, அங்கேயே கண்ணை மூடுவார்கள். கொக்குவிலில் இருந்த வீட்டை நான் அப்படித்தான் ரஞ்சினிக்கு எழுதினேன். எழுபத்து மூன்றில் இங்கே வந்தபோது அதை விற்றோம், ஆனால் விற்ற காசைக் கொண்டுவர அங்கேயுள்ள அரசாங்கம் விடவில்லை. எனவே நான் இரண்டு தொழிற்சாலைகளில் மாறி மாறி வேலை செய்து கிளென் வேவர்லியில் இன்னொரு வீட்டுக்கு முன்பணம் கட்டினேன். அதையும் ரஞ்சினியின் பெயரிலேயே எழுதினேன். மெல்பேர்னில் இருந்தாலும் அது சீதன வீடுதான். இதை யாருக்கும் வாயால் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரிந்த விஷயத்தை யார் சொல்வார்கள்.

இனி விமானத்துக்கு வருகிறேன்.

யுத்த காலத்தில் நான் பிரிட்டிஷ் விமானப்படையில் ஃபிட்டராக எகிப்தில் இருந்தேன். பாலைவனத்தில் விமானத்துக்கு முதல் எதிரி ஜெர்மன்காரன் இல்லை, தூசி. ஒரு விமானம் கிளம்பினால் அதன் பின்னால் வருகிற அத்தனை விமானங்களும் அந்தப் புழுதியைத்தான் குடிக்க வேண்டும். நல்ல மணல் உள்ளே போய் எண்ணெயோடு கலந்தால் அம்மியில் அரைத்த மாதிரி ஒரு பசையாகிவிடும். அந்தப் பசை சிலிண்டரின் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் மாதக்கணக்கில் ஓடுகிற இயந்திரம் அங்கே சில நாட்களில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அதனால் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மூக்குக்குக் கீழே பெரிய வடிகட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். கம்பிச் சட்டத்தில் மடித்து வைத்த கம்பளித் துணி, அதில் மெல்லிய எண்ணெய். காற்று அதற்குள்ளால்தான் போக வேண்டும். என் வேலை அதைக் கழற்றிப் பெற்றோலில் கழுவி, உலர்த்தி, மறுபடி எண்ணெய் போட்டுப் பூட்டுவது. மூன்று வருஷம் அதைத்தான் செய்தேன்.

விமானிகளுக்கு அந்த வடிகட்டியைக் கண்ணில் காட்டக் கூடாது. விமானத்துக்குத் தாடி முளைத்தது மாதிரி இருக்கிறதாம், வேகம் குறைகிறதாம். கழற்று கழற்று என்று உயிரை எடுப்பார்கள். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. விமானி ஏறி உட்கார்ந்ததும் ஃபிட்டர் ஒரு வெள்ளைத் துணியை வடிகட்டிக்குப் பின்னால் காற்றுக் குழாயில் விட்டுத் துடைத்து அவருக்குக் காட்ட வேண்டும். துணி வெள்ளையாக இருந்தால் அவர் தலையை ஆட்டுவார், சக்கரக் கட்டையை எடுப்போம். அந்தத் துணியைக் காட்டும்போது மட்டும் அவர்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள்.

இங்கே மிஸ்டர் ஹாட்லி என்று ஒருவர். பண்ணை இயந்திரங்கள் விற்பவர். வெரிபீக்கு வெளியே அவருடைய புல்வெளியில் ஒரு மண் ஓடுதளமும் தகரக் கொட்டகையும் இருந்தன. யுத்தம் முடிந்ததும் கைவிடப்பட்ட ஒரு ஸ்பிட்ஃபயரை எங்கோ ஒரு பண்ணையிலிருந்து துண்டு துண்டாக வாங்கி வந்து போட்டிருந்தார். மகேன் ஊரில் விமானப்படை விமானி, இங்கே பறக்கச் சொல்லிக்கொடுப்பவர். அவர் மூலமாகத்தான் எனக்கு ஹாட்லியைத் தெரியும். என் பெயர் அவர் வாயில் நுழையாமல் கீத் என்றே கூப்பிட்டார். நான் ஆட்சேபிக்கவில்லை. மூன்று வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மகேனுடைய காரில் போய் அந்த இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டினேன். கூலி வாங்கவில்லை. நசுங்கிக் கிடந்த வடிகட்டிப் பெட்டியைத் தட்டி நிமிர்த்தி, புதுக் கம்பளித் துணி மடித்துப் பொருத்தினேன். துணி தைத்துத் தந்தது ரஞ்சினி. சின்னச் சின்னத் தையல், அவளுக்குப் பொறுமை அதிகம்.

அந்த மூன்று வருஷமும் நன்றாக இருந்தன. போகும்போது நானும் மகேனும் ஊர்க் கதை பேசுவோம். திரும்பி வரும்போது ரஞ்சினி புட்டு அவித்து வைத்திருப்பாள். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, காரில் போகும்போது மகேன், "மாமா, உங்களோட ஒரு கதை கதைக்கோணும்" என்றார்.

"சொல்லுங்கோ" என்றேன்.

"ஹாட்லி பிளேனைச் சிட்னியில ஒருத்தருக்குக் குடுக்கப்போறார். மார்ச்சில சனத்துக்கு முன்னால ஒருக்கா பறந்து காட்டோணும். வடிவாப் பறந்தா அதோட சேத்து என்னையும் எடுக்கினம். சம்பளத்தோட வேலை."

"நல்லது."

"ரஞ்சியும் ஓம் எண்டிட்டாள். இந்த வீட்டை வித்துப்போட்டுச் சிட்னியில, நார்த்மீட்டில, கிரிஜா அக்கா வீட்டுக்குக் கிட்ட ஒண்டு எடுப்பம். அம்மாவையும் ஊரில இருந்து கூப்பிடப்போறன்."

"எத்தனை அறை?"

"ரெண்டுதான் மாமா, இப்போதைக்கு." அவர் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு வேலை இஞ்சதானே. சிவமணி அங்கிள் தன்ர வீட்டில ஒரு அறை தாறாராம். நத்தார் லீவுக்கு எங்களிட்ட வந்து நில்லுங்கோ."

சிவமணி என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர். மனைவியை இழந்தவர், வீட்டில் இருக்கிற நேரம் முழுக்க வானொலியில் குதிரைப் பந்தயம் கேட்பவர். நான் "நல்லது, போட்டு வாங்கோ" என்றேன். மறுப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். மகேன் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. தங்கமான பிள்ளை. தாயைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மகன் நினைத்தால் அதில் யார் குறை சொல்ல முடியும். அன்று இரவு சாப்பிடும்போது ரஞ்சினியின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் தட்டில் கறியைப் போட்டுக்கொண்டே, சிட்னியில் குளிர் இவ்வளவு இல்லையாம் அப்பா என்றாள். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதை எனக்காக அவள் சொல்லவில்லை.

ஜனவரியில் வடிகட்டிப் பிரச்சினை வந்தது. வாங்கப்போகிற சிட்னிக்காரர் படம் பார்த்துவிட்டு, மூக்குக்குக் கீழே தொங்குகிற அந்த மூட்டை வேண்டாம், இங்கிலாந்தில் பறந்த மாதிரி ஒல்லியாக இருக்க வேண்டும் என்றாராம். கொட்டகையில் எல்லோரும் நின்றோம். ஹாட்லி, அவருடைய இரண்டு நண்பர்கள், மகேன், அன்று எங்களோடு வந்திருந்த ரஞ்சினி. நான் விளக்கமாகச் சொன்னேன். இது மண் ஓடுதளம், மழை பெய்து வாரக்கணக்காகிறது, வடக்குக் காற்று அடித்தால் எதிரே நிற்கிற ஆளைத் தெரியாது, வடிகட்டி இல்லாமல் இதில் ஓடினால் இயந்திரம் தேறாது என்றேன். ஹாட்லி மகேனைப் பார்த்தார்.

மகேன் சிரித்தார். முதலில் அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். பிறகு என்னிடம், "மாமா, இது சகாரா இல்லை. ஒருக்கா ரெண்டுதரம் பறக்கிறதுக்கு ஒண்டும் ஆகாது. உந்தத் தாடியைக் கழட்டிப்போடுங்கோ" என்றார்.

ரஞ்சினியும் சிரித்தாள். "அப்பாவுக்கு எல்லாத்திலயும் தூசிதான். வீட்டில சோபாவுக்கே உறை போட்டு வைச்சிருக்கிறார்" என்றாள். அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஹாட்லி என் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன், அந்தச் சோபா உறை உண்மைதானே. அன்று மாலையே வடிகட்டியைக் கழற்றி, நேரான காற்றுக் குழாயைப் பூட்டிக் கொடுத்தேன். பூட்டியதில் ஒரு குறையும் இல்லை. என் வேலையில் குறை இருந்ததாக எவரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் காரில் ஏறி வெரிபீக் கடைத்தெருவுக்கு, இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை' சாப்பிடப் போவார்கள். நான் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகிறவன், கொட்டகையில் தனியாக இருப்பேன். ரஞ்சினியின் குசினியிலிருந்து மா அரிக்கிற அரிதட்டை எடுத்துப் போயிருந்தேன். ஓடுதளத்தின் ஓரத்தில் கிடந்த மண்ணை அள்ளி அதில் அரித்தேன். அரித்தது புட்டுக்கு வறுத்த மாவைவிட நைசாக இருந்தது. அதைக் கொஞ்சம் எடுத்துக் காற்றுக் குழாயின் வளைவில் தடவி வைத்தேன். பின்னேரம் இயந்திரத்தைத் தரையில் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பார்கள், அது உள்ளே போய்விடும். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. பெப்ரவரி முழுக்க அப்படியே.

நான் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து போடவில்லை என்பதைச் சார்ஜன்ட் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் வால்வு தேய்க்கிற பசை டப்பா டப்பாவாக இருக்கிறது, அதில் ஒரு துளி போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நான் அதைத் தொடவில்லை. அந்த மண், அந்த ஓடுதளத்தின் மண். வடிகட்டி இல்லாமல் ஓடினால் என்ன நடக்கும் என்று நான் சொன்னேனோ அதுதான் நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் விரைவாக நடந்தது, அவ்வளவுதான்.

என் எண்ணம் இதுதான். இயந்திரம் தரையிலேயே திணறும். நீலப் புகை வரும், எண்ணெய் அழுத்தம் இறங்கும், ஹாட்லி தலையில் கை வைத்துக்கொண்டு கீத் சொன்னது சரி என்பார். திரும்பப் பிரித்துப் பூட்ட ஒரு வருஷமாவது ஆகும். சிட்னிக்காரர் வேறு விமானம் பார்ப்பார். மகேனுக்குக் கொஞ்ச நாள் மனக் கஷ்டம் இருக்கும், பிறகு சரியாகிவிடும். நாங்கள் பழையபடி சனிக்கிழமைகளில் வெரிபீக்குப் போய் வருவோம். இதில் யாருக்கு என்ன கெடுதல் இருக்கிறது என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் நான் அந்த இயந்திரத்தை அளவுக்கு மீறி நன்றாகப் பூட்டிவிட்டேன். தரையில் ஓட்டும்போதெல்லாம் தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஓடியது. எண்ணெய் அழுத்த முள் அசையவில்லை. மகேன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, உங்கட கைக்குத் தங்கக் காப்புப் போடோணும்" என்றார். வெள்ளைத் துணி வழக்கத்தை அவருக்கு நான் சொல்லியிருந்தேன், அவருக்கு அது பிடித்துப் போயிருந்தது. ஒவ்வொரு முறை ஏறி உட்கார்ந்ததும் துணியைக் காட்டச் சொல்லுவார். நான் துடைத்துக் காட்டுவேன், பிறகுதான் சுவிட்சைப் போடுவார். பெப்ரவரியில் அவருக்குக் காட்டியவை துடைத்த துணிகள் அல்ல, நான் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுபோன வேறு வெள்ளைத் துணிகள்.

பறப்பதற்கு முந்திய நாள் எண்ணெயை வடித்தேன். எண்ணெய் போகிற வழியில் ஒரு கம்பி வலை இருக்கும். அதை வெளியே எடுத்து வெயிலில் பிடித்தபோது உலோகத் துகள் பளபளத்தது. நிறைய. அந்த மாதிரி வலையை எகிப்தில் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வலையைப் பார்த்தால் விமானத்தை இழுத்து ஒதுக்கி விடுவோம், எவனும் ஏற மாட்டான். இயந்திரம் உள்ளுக்குள் முடிந்துவிட்டது, முழு வேகத்தில் சில நிமிஷம் ஓடினால் நின்றுவிடும். அதை அப்படியே கொண்டுபோய் மகேன் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் சொன்னது சரி என்று அங்கேயே முடிந்திருக்கும், யாரும் பறந்திருக்க மாட்டார்கள்.

நான் ஏன் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. கொடுத்திருந்தால் ஹாட்லி எங்கிருந்தாவது வேறு இயந்திரம் வாங்கியிருப்பார். அந்த மனிதரிடம் வசதி இருந்தது. ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கும், பிறகு அவர்கள் போயிருப்பார்கள். இதை நான் அந்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் யோசித்தேன். யோசித்துவிட்டு வலையைப் பெற்றோலில் கழுவி, துடைத்து, திரும்பப் பூட்டினேன். புது எண்ணெய் ஊற்றினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதில் அர்த்தமில்லை. மகேன் சொன்னது சரி. வடிகட்டி இல்லாமல் இரண்டு தடவை பறந்தால் அந்த இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெரிபீ சகாரா இல்லை. அது எனக்கு ஜனவரியிலேயே தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். சுற்றுவட்டாரத்திலிருந்து நிறையப் பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ரஞ்சினி நீலச் சேலை கட்டி, மடக்குக் கதிரையில், சால்வையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகேன் ஏறி உட்கார்ந்தார். நான் துணியைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வழக்கமில்லாமல் ஒன்று கேட்டார்.

"மாமா, எல்லாம் சரியோ?"

"ஓம்" என்றேன். "வடிவாப் போட்டு வாங்கோ."

முதல் சுற்றில் தலைக்கு மேலே தாழப் பறந்தார். சனம் கைதட்டியது. எனக்குச் சத்தத்தில் வித்தியாசம் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நான் நின்ற இடத்தில் மேசைமேல் ரேடியோ இருந்தது, ஹாட்லியின் நண்பர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகேன் அனுபவசாலி, இயந்திரம் நின்றாலும் புல்லில் வயிற்றை வைத்து இறக்கிவிட்டு நடந்து வருவார் என்று நினைத்தேன். பாலைவனத்தில் எத்தனையோ பேர் அப்படி நடந்து வந்திருக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் மூக்கிலிருந்து நீலப் புகை வந்தது. அதுவும் வித்தைதான் என்று நினைத்துச் சனம் மறுபடி கைதட்டியது. பிறகு சத்தம் நின்றது. அவர் ஓடுதளத்தை நோக்கித் திருப்பப் பார்த்தார், உயரம் போதவில்லை. கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற கல்வேலிக்கு அப்பால் விமானம் விழுந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. நான் ரஞ்சினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கதிரையை விட்டு எழும்பி, சால்வை கீழே விழ, வெறுமனே நின்றாள்.

விசாரிக்க வந்தவர்கள் இயந்திரத்தைத் தோண்டி எடுத்துப் பிரித்தார்கள். உள்ளே முழுக்கத் தூசி. ஓடுதளத்து மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதே மண். வடிகட்டியைக் கழற்றியதே விபத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள், வடிகட்டி பற்றி நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். ஹாட்லி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ சொன்னாய் கீத், நாங்கள்தான் கேட்கவில்லை" என்று சொல்லி அழுதார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எகிப்திலிருந்து இன்றுவரை என் பேச்சை ஒருவர் தேடி வந்து ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ரஞ்சினிக்குத்தான் கஷ்டம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போவாள், வந்து கட்டிலில் படுத்துக்கொள்வாள். ஒருநாள் குசினியில் நின்று, "நான் சிரிச்சனான் அப்பா" என்றாள். "அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால உங்களைப் பகிடி பண்ணினனான். நீங்கள் சொன்னதைக் கேட்டிருந்தா அவர் இருந்திருப்பார். நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவர் அதைக் கழட்டியிருக்க மாட்டார்."

"விடு பிள்ளை" என்றேன். "தெரியாமல் செய்ததுதானே."

அவள் என் தோளில் தலை வைத்து அழுதாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படி அழுததில்லை. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். நான் சமைப்பேன். அவள் வேலையிலிருந்து வரும்போது விளக்குப் போட்டிருப்பேன். மாலையில் ஒன்றாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்போம். அவள் சிட்னி என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன். அவள் மனதில் இருந்த பாரத்தை நான் ஒரு நிமிஷத்தில் இறக்கி வைத்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாரம் இருந்தபடியால்தான் அவள் என் பேச்சைக் கேட்டாள்.

போன திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அப்பா, நான் நார்த்மீட்டுக்குப் போறன். மாமி அவற்ர செத்தவீட்டுக்கு வந்ததில இருந்து கிரிஜா மச்சாள் வீட்டில தனிய இருந்து அழுகிறாவாம். நான் போய் அவவோட இருக்கப்போறன்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை. ரயிலுக்கு டிக்கெட் எடுத்திட்டன்."

"வீடு?"

"வித்தாச்சு அப்பா. போன கிழமை கையெழுத்து வைச்சனான். சிவமணி அங்கிளோட கதைச்சிட்டன்."

நான் அப்போதுதான் முதல் தடவையாக அதை வாயால் சொன்னேன். "எங்கட வழக்கத்தில பெம்பிளைப்பிள்ளை தன்ர வீட்டை விட்டுப் போறேல்லை, ரஞ்சி."

அவள் செருப்பை ஓரமாக வைத்தாள். "அது அங்க, அப்பா" என்றாள். "இந்த வீட்டில என்னால இருக்கேலாது. உங்களைப் பாக்கிற நேரமெல்லாம் நீங்கள் சொன்னதும் நான் சிரிச்சதும்தான் ஞாபகம் வருது." பிறகு அறைக்குள் போய்ப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினாள்.

அதுதான் முழுக் கதை. சார்ஜன்ட் சுருக்கமாகக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். மகேந்திரராஜாவைக் கொன்றது கேதீஸ்வரன் ஆகிய நான். வடிகட்டி இல்லாததால் அவர் சாகவில்லை. ஹாட்லிமேல் தப்பில்லை, ரஞ்சினிமேல் தப்பில்லை. அரிதட்டு இன்னும் குசினியில் தொங்குகிறது, வேண்டுமானால் எடுத்துப் போகலாம். எழுதியதை வாசித்துக் காட்டினால் கையெழுத்து வைக்கிறேன்.

யாரும் சந்தேகப்படாதபோது ஏன் தானாக வந்தாய் என்று சார்ஜன்ட் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மனச்சாட்சி என்று எழுதிக்கொள்ளட்டும், அவர்களுக்கு அது விளங்கும். மகளின் மனப் பாரத்தை இறக்க வந்தான் என்று எழுதினாலும் சரி, அதுவும் பொய்யில்லை.

நீங்கள் ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும், தம்பி. வழக்கென்று வந்தால் ரஞ்சினிதானே முக்கியமான சாட்சி. துணி தைத்தவள், அன்று கொட்டகையில் நின்றவள், எல்லாம் பார்த்தவள். அப்படிப்பட்ட சாட்சி வழக்கு முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்று இங்கேயும் ஒரு சட்டம் இருக்கும் அல்லவா? கொலை வழக்கென்றால் இரண்டு வருஷமாவது இழுக்கும் என்று, பேச்சுவாக்கில் கேட்டபோது சிவமணி சொன்னார். இன்றைக்குப் புதன்கிழமைதான். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் யாராவது வீட்டுக்குப் போய், நீ மெல்பேர்னிலேயே இருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டால் போதும்.